மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள்: வேலூர்ப் பகுதி ஆங்கிலத் துறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரு துறை மாணவருக்காக நிகழ்ச்சி நடத்தினால், அதில் மாணவர் என்ன செய்தார் என்று கேட்பதுதான் முறை. வந்தார், உட்கார்ந்தார், கைதட்டினார், சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார் என்பது பதிலாகாது. வாசித்தாரா, பேசினாரா, எழுதினாரா, எதிர்த்து ஒரு கேள்வியாவது கேட்டாரா? வேலூர்ப் பகுதியில் நான் பணியாற்றும் கலை அறிவியல் கல்லூரியின் ஆங்கிலத் துறை, ஒரு துறைக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அதன் பிறகு நிகழ்ச்சிகளின் போக்கும் நூலக வசதிகளைக் கையாளும் விதமும் படிப்படியாக மாறின. அந்த மாற்றத்தின் விவரமே இது. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. இதே நிலைமையில் இருக்கும் துறைகள் இந்தப் பக்கத்தில் பல உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

யாருக்காக இந்தத் துறை

பழைய வடாற்காடு மாவட்டம் 1989 இல் இரண்டானது. 2019 இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. எல்லைகள் மாறினாலும் பிள்ளைகள் படிக்க வரும் பாதை மாறவில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர், அணைக்கட்டு, கணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா என நாலா பக்கத்திலிருந்தும் பஸ்ஸிலும் காட்பாடி வழிச் செல்லும் பாசஞ்சர் ரயிலிலும் வந்து சேருகிறார்கள். ஒருத்தி வீட்டில் தறி ஓடும். இன்னொருத்தியின் அம்மா பீடி சுற்றுவார். ஒருவனின் அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகள் பலருக்கு வீட்டு மொழி உருது. சித்தூர் எல்லையோரத்துப் பிள்ளைகள் சிலருக்குத் தெலுங்கு. அவர்களுக்கெல்லாம் ஆங்கிலம் மூன்றாவது மொழி.

இந்த மண்ணில் ஆங்கிலக் கல்வி நேற்று வந்ததன்று. வேலூர் ஊரிசு கல்லூரி 1898 இல் தொடங்கியது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அங்கே படித்துவிட்டுத்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 இலும், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951 இலும், காட்பாடி ஆக்சீலியம் கல்லூரி 1954 இலும் வந்தன. சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002 இல் உருவானது. நூறாண்டுக்கு மேலாக இங்கே ஷேக்ஸ்பியர் படிக்கப்படுகிறார். ஆனாலும் இன்று எங்கள் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. வீட்டில் ஆங்கிலப் புத்தகம் என்றால் பள்ளிப் பாடநூல் ஒன்றுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத் துறை என்றதும் பி.ஏ. ஆங்கில இலக்கியம், எம்.ஏ. வகுப்புகளைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி முதன்மைப் பாடம். ஆகவே வணிகவியல், வேதியியல், கணிதம், வரலாறு என எந்தத் துறையில் சேர்ந்த மாணவரும் ஆங்கிலத் துறையின் மாணவர்தான். எண்ணிக்கையில் அவர்களே மிகப் பெரிய கூட்டம். துறை நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ் ஒருபோதும் எட்டாத கூட்டமும் அதுவே.

முன்பு நடந்தவை

ஆண்டுதோறும் நடப்பவை எல்லாத் துறைகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இலக்கிய மன்றத் தொடக்க விழா, சிறப்புச் சொற்பொழிவு, கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள், ஒரு தேசியக் கருத்தரங்கு. விழா என்றால் ஃபிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, வரவேற்புரை, அறிமுக உரை, பொன்னாடை, சிறப்புரை, நினைவுப் பரிசு, நன்றியுரை. இதற்காக ஆசிரியர்கள் படும் பாடு சாதாரணமானதல்ல. விருந்தினரைக் காட்பாடி ஸ்டேஷனில் போய் அழைத்து வருவதிலிருந்து சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பது வரை எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்கிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அன்றைய நாளின் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், மாணவர் பங்கு வரவேற்பு நடனத்திலும் நிகழ்ச்சித் தொகுப்பிலும் முடிந்துவிடும். தொகுத்து வழங்கும் மாணவியும் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே மாணவி, ஆங்கில வழிப் பள்ளியில் படித்து வந்தவள். சிறப்புரையாற்றுபவர் பின்நவீனத்துவம், பின்காலனியம், சூழலியல் திறனாய்வு என்று ஆழமாகப் பேசுவார். உரையில் குறிப்பிடப்படும் நூல் எதுவும் எதிரே இருப்பவர் கையில் இருக்காது. கேள்வி நேரம் என்று ஐந்து நிமிடம் ஒதுக்கினால், கேட்பவர் பக்கத்துக் கல்லூரி ஆசிரியராகத்தான் இருப்பார்.

கருத்தரங்கின் கதை இன்னும் சிக்கலானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆசிரியர்களின் பணி உயர்வை மதிப்பெண்களோடு இணைத்தன. கருத்தரங்கில் வாசிக்கும் கட்டுரைக்கும் அதில் மதிப்பெண் இருந்தது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வருகைப் பட்டியல், இடம் குறித்த புகைப்படம், அறிக்கை என ஆவணம் வேண்டும். ஆவணம் கேட்பதில் தவறில்லை. நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களில் கற்றல் வளங்களுக்கு ஒன்றும் மாணவர் ஆதரவுக்கும் வளர்ச்சிக்கும் ஒன்றும் தனியாகவே இருக்கின்றன. ஆயினும், கோப்பில் எளிதாக ஏறும் நிகழ்ச்சியே அடிக்கடி நடக்கும் நிகழ்ச்சியாக மாறிவிடுகிறது. 2020 இல் இணையவழிக் கருத்தரங்குகள் பெருகி, பின்னூட்டப் படிவத்தை நிரப்பினாலே மின் சான்றிதழ் கிடைத்த காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. ஒரே வாரத்தில் கை நிறையச் சான்றிதழ் சேர்த்த மாணவர், பாடத்திட்டத்தில் உள்ள நாடகத்தின் முதல் அங்கத்தைத் திறந்தும் பார்த்திராத நிலை அப்போது எங்கும் இருந்தது.

பூட்டிய கதவும் இருக்கும் சாவியும்

நிகழ்ச்சிகள் இப்படி என்றால் வளங்களின் நிலை வேறு. இங்கே பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்விதழ்களும் ஏறத்தாழ இரண்டு லட்சம் மின்நூல்களும் இருக்கின்றன. அதே மையத்தின் ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இலவசமாகக் கிடைக்கின்றன. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம், 2017 இல் தொடங்கிய ஸ்வயம் இணையவழிப் பாடங்கள், முதுகலைப் பாடங்களுக்கான இ-பி.ஜி. பாடசாலை, இலவச மின்நூல்களுக்கு 1971 முதல் வளர்ந்துவரும் கூட்டன்பர்க் திட்டம், ஒலிநூல்களுக்கு லிப்ரிவாக்ஸ், ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முழுப் பாடத்தையும் இலவசமாகத் தரும் ஃபோல்ஜர் நூலகத் தளம் என எல்லாம் இருக்கின்றன. 2025 முதல் நடைமுறைக்கு வந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில், அரசு நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

இவ்வளவும் இருக்க, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவரிடம் என்-லிஸ்ட் பற்றிக் கேட்டால் விழிக்கிறார். கல்லூரி சந்தா கட்டுகிறது, நூலகர் பெயர்களைப் பதிவும் செய்திருக்கிறார். கடவுச்சொல் ஒரு மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அந்த மின்னஞ்சல், சேர்க்கைப் படிவம் நிரப்பிய கணினி மையத்துக்காரர் தாமே உருவாக்கிக் கொடுத்தது. மாணவருக்கு அதன் முகவரியே நினைவில் இல்லை. நூலகத்துக்கும் மாணவருக்கும் இடையே இருந்த தடை இவ்வளவுதான். கட்டடமோ பணமோ தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்ட ஓர் ஆள் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும்.

அதுவரை அந்த இடத்தை நிரப்பியவை நோட்ஸும் கைடும் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையும். ஜெராக்ஸ் கடையைக் குறை சொல்ல நான் தயாரில்லை. இந்த ஊரில் முதல் தலைமுறை மாணவரின் உண்மையான நூலகம் அதுதான். பாடம் நடத்தும் தேவைக்காக நூலின் பகுதிகளைப் படியெடுத்துத் தொகுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்ததும் ஒரு ஜெராக்ஸ் கடை சம்பந்தப்பட்ட வழக்கில்தான். பிரச்சினை, அந்தக் கடையில் போய்ச் சேரும் தாள் எது என்பதில் இருக்கிறது. மூல நூலின் பக்கம் போனால் நன்மை. பத்தாண்டுகளாகக் கைமாறும் சுருக்கக் குறிப்பு போனால், தவறான ஆண்டும் தவறான பெயரும் அப்படியே அடுத்த தலைமுறைக்கும் போகும்.

முதலில் மாறியது நேரம்

மாணவர் பேசாததற்குக் காரணம் கூச்சம், ஆர்வமின்மை என்றுதான் எல்லோரும் எளிதில் சொல்லிவிடுகிறோம். கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவர் பஸ் நேரத்தை எடுத்துப் போட்டார். காலை ஷிப்ட் முடிந்ததும் ஒடுகத்தூர்ப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். பையன்களில் பலர் ஜவுளிக் கடையிலோ மருந்துக் கடையிலோ மதியம் வேலைக்குப் போகிறார்கள். வகுப்பு முடிந்தபின் நடக்கும் எந்த நிகழ்ச்சியும் வேலூர் நகருக்குள் குடியிருப்பவருக்கு மட்டும் நடக்கும் நிகழ்ச்சி. அதை மற்றவர்களின் ஆர்வக் குறைவு என்று எழுதி வைப்பது நியாயமில்லை.

கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு நூலக நேரம் ஏற்கெனவே இருந்தது. பல காலமாகப் பாடம் முடியாத ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் நேரமாக அது இருந்தது. அதை மீட்டு, வாசிப்பு நேரம் ஆக்கினோம். விதிகள் குறைவு. ஒவ்வொருவர் கையிலும் மூலப் பகுதியின் தாள் இருக்க வேண்டும், பெரிய எழுத்தில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். ஒவ்வொருவரும் ஒரு பத்தியாவது வாய்விட்டு வாசிக்க வேண்டும். உச்சரிப்பை யாரும் நடுவில் திருத்தக் கூடாது. கடைசிப் பத்து நிமிடம் ஒரு பத்தி கையால் எழுத வேண்டும். ஆசிரியர் பேசும் நேரம் எல்லாவற்றிலும் குறைவு. கருத்தைத் தமிழில் சொல்லலாம், உருதுவில் யோசித்துத் தோழியிடம் கேட்டுச் சொல்லலாம். எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில்.

கையால் எழுத வேண்டும் என்பதில் துறைக்குள் விவாதம் எழுந்தது. சாட்ஜிபிடி வந்த பின் வீட்டில் எழுதி வரும் ஒப்படைப்புகள் எல்லாம் வழவழவென்று ஒரே குரலில் பேசத் தொடங்கிவிட்டன. தடை போடுவதால் பயனில்லை என்பது என் கருத்து. தாள் கையில் இருக்க, சற்றுமுன் தானே வாசித்த வரி காதில் இருக்க, அங்கேயே எழுதும் பத்தியில் பிழை இருக்கும், ஆனால் ஆள் இருப்பார். ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்று மானியக் குழுவின் 2018 விதிமுறை சொல்கிறது. மாணவர்கள் அந்த எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். தன் வாக்கியம் எது, பிறர் வாக்கியம் எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இந்தக் கைப்பத்திகளில்தான் வருகிறது.

கோட்டைக்குள் ஒரு வாசிப்பு

எந்த நூலை வாசிப்பது? பாடத்திட்டத்தில் உள்ள வேர்ட்ஸ்வொர்த் கவிதையின் டாஃபோடில் மலரை இங்கே யாரும் பார்த்ததில்லை என்று பேசிப் பேசிக் களைத்த விஷயம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு, ஆங்கில இலக்கியத்தில் நம் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடினோம். ஹென்றி நியூபோல்ட் என்ற ஆங்கிலக் கவிஞர், கில்லெஸ்பி என்ற படைத்தலைவரைப் பற்றி ஒரு கதைப்பாட்டு எழுதியிருக்கிறார். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்தவர் கில்லெஸ்பி. கவிஞர் 1938 இல் இறந்துவிட்டார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்பை யாரும் அச்சடிக்கலாம். தாள் தயார்.

வாசிப்பைக் கோட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். அகழியைத் தாண்டி உள்ளே போய், அருங்காட்சியகத்துக்கு அருகே மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பத்தி. குதிரையின் ஓட்டம் பாட்டின் சந்தத்தில் இருக்கிறது. மூன்றாவது பத்தியை வாசித்த பையன் தன்னையறியாமல் வேகம் கூட்டினான். ஆற்காட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "இது நான் தினமும் பஸ்ஸில் வரும் ரோடு, மேடம்" என்றாள். ஏறத்தாழ 25 கிலோமீட்டர். கவிதையிலும் கில்லெஸ்பி மேற்குத் திசைச் சாலையில்தான் திரும்புகிறார் என்பதை அவளே சுட்டிக் காட்டினாள். பொருளுரையும் கைடும் இல்லாமல் ஒரு கவிதையின் வரியை நிலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த மாணவி அவள்.

வாசித்து முடித்ததும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. கவிதை வேலூரைப் பொய்யான ஊர் என்கிறது. இரவில் குத்தும் பிசாசு இங்கே உலவுவதாகச் சொல்கிறது. உள்ளே இருந்த வெள்ளைச் சிப்பாய்களின் துயரம் இருக்கிறது, கில்லெஸ்பியின் தனிமையும் வீரமும் இருக்கின்றன. "மேடம், நம் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்று இதில் ஒரு வரிகூட இல்லையே?" என்று ஒருவன் கேட்டான். அந்தக் கேள்வி வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். 1805 நவம்பரில் வந்த ஆணையைப் படித்துக் காட்டினேன். நெற்றிக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும். தோல் பசுவுடையதோ பன்றியுடையதோ என்ற அச்சம் இரு மதத்தாரையும் ஒன்றாகச் சுட்டது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் இதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள். புரட்சி அடக்கப்பட்ட பிறகு சென்னை ஆளுநர் பெண்டிங்க்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். கவிதையில் இதில் எதுவும் இல்லை.

அப்போது பேரணாம்பட்டு மாணவி ஒருத்தி பேசினாள். அவள் வகுப்பில் வாய் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை. "எங்கள் அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், மேடம். தோல்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதைத் தலையில் வைக்கச் சொன்னதற்காகவா இவ்வளவு பேர் செத்தார்கள்?" வட்டம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. மதநம்பிக்கை, சாதி, தொழில், தீட்டு, கட்டாயப்படுத்தும் அதிகாரம் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஒருவன், பிரச்சினை தோலில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது என்றான். அவள் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கட்டாயம் தவறுதான், ஆனால் தோலைத் தொட்டால் இழிவு என்று அந்தச் சிப்பாயும் நினைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும் என்றாள். அன்று அவள் ஆங்கிலத்தில் எழுதிய பத்தி, தலைப்பாகையைத் தைத்துக் கொடுத்த தொழிலாளியின் குரலில் இருந்தது. இலக்கணப் பிழைகள் இருந்தன. நியூபோல்ட் எழுதாமல் விட்ட ஆளையும், அவரை மறுத்துப் பேசும் நாம் எழுதாமல் விட்ட ஆளையும் அவள் எழுதியிருந்தாள்.

எந்தச் சிறப்புரையாளரையும் அழைக்காமல், ஒரு தாள் ஜெராக்ஸ் செலவில் நடந்த இலக்கியத் திறனாய்வு இது. காலனி ஆட்சியின் பார்வையைக் கேள்வி கேட்கும் இந்தத் திறனாய்வுக்குப் பெயரான பின்காலனியம் என்ற சொல்லை அன்று யாரும் சொல்லவில்லை.

அடுத்து வகுப்பறையில் வாசித்தது, ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே 1840 இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைத்தலைவர் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஒரு பகுதி. 1751 இல் ஆற்காட்டுக் கோட்டையைக் கிளைவ் ஐம்பது நாள் தற்காத்த கதை. ஆற்காட்டு டெல்லி கேட் இன்றும் நிற்கிறது. உணவு குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக மெக்காலே நெகிழ்ந்து எழுதுகிறார். கஞ்சி குடித்து வளர்ந்த பிள்ளைகள் அந்த வரியில் நின்றுவிட்டார்கள். இதை மெக்காலேவுக்கு யார் சொன்னது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. சம்பவத்துக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, மால்கம் எழுதிய கிளைவின் வாழ்க்கை வரலாற்றுக்கு மதிப்புரையாக வந்த கட்டுரை அது என்று சொன்னதும், ஒரு மாணவர் நூலக நேரத்துக்குப் பின்னும் இருந்து மால்கம் நூலை இணைய ஆவணக் களஞ்சியத்தில் தேடினார். என்-லிஸ்ட், ஆவணக் களஞ்சியம், ஷோத்கங்கா எல்லாம் எதற்கு என்று சுற்றறிக்கையில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தத் தேடல் புரியவைத்தது. தேவை முதலில் வர வேண்டும், கடவுச்சொல் பிறகு தானாக நினைவில் நிற்கும்.

வேதியியல் மாணவரின் ஆங்கிலம்

இரண்டாம் பகுதி ஆங்கிலம் படிக்கும் பிற துறை மாணவர்களுக்குக் கதைப்பாட்டு எடுபடவில்லை. அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தது ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டதைப் பற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு. மாசுபடுத்தியவரே இழப்பைக் கட்ட வேண்டும், அபாயம் வருமுன் தடுக்க வேண்டும் என்ற கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் நாடெங்கும் படிக்கப்படுகிறது. அப்போதைய வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்படச் சில மாவட்டங்களின் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

தீர்ப்பின் ஒரு பக்கத்தை வாசித்த பிறகு, வேதியியல் மாணவர் ஒருவரை எழுந்து குரோமியம் எப்படித் தோலைப் பதப்படுத்துகிறது என்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் சொல்லக் கேட்டோம். ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தன் பாடத்தில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும்போது ஆங்கிலம் தடுக்கிய இடங்கள் மிகக் குறைவு. தன்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்ன பயிற்சிகளில் இதே மாணவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் போனதில்லை. பேச்சுத் திறன் பயிற்சி என்ற பெயரில் மாணவரிடம் இல்லாத விஷயத்தைப் பேசச் சொல்லி அவரைத் திணறவைக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம். வணிகவியல் மாணவர் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசட்டும், வரலாற்று மாணவர் கோட்டையைப் பற்றிப் பேசட்டும். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 2022 முதல் வந்திருக்கும் திறன் பாடங்களும் இந்த வழியில் நடந்தால் பலன் கூடும்.

கருத்தரங்கை விட்டுவிடவில்லை

விழாவும் கருத்தரங்கும் இன்றும் நடக்கின்றன, ஒழுங்கு மட்டும் மாறியது. சிறப்புரைக்கு வருகிறவரிடம், தாம் பேசப்போகும் நூலிலிருந்து இரண்டு பக்கத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறோம். மாணவர்கள் அதை முந்தைய வாசிப்பு நேரத்திலேயே படித்துக் கேள்விகளை எழுதி வைத்திருப்பார்கள். உரை சுருங்கி, உரையாடல் நீள்கிறது. பெரும்பாலான விருந்தினர்கள் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், இப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று வர மறுத்துவிட்டார். கருத்தரங்கில் மாணவர் கட்டுரைகளை மதிய உணவுக்குப் பின்னால் தள்ளாமல் முதல் அமர்வில் வைக்கிறோம். விருந்தினர் இருக்கும்போது, கூட்டம் இருக்கும்போது, மாணவர் வாசிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு, தேர்வுத் தகவல்களுக்கு ஒரே ஒரு பலகை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை என்பது போன்ற அடிப்படை விவரம், மாநிலத் தகுதித் தேர்வு, ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு, பழைய வினாத்தாள் கிடைக்கும் இடம். எம்.ஏ. மாணவர்கள் இருவர் முறைவைத்துப் புதுப்பிக்கிறார்கள். தனியார் பயிற்சி மையங்களின் நோட்டீஸ் அங்கே ஒட்டக் கூடாது.

எட்டாதவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. வாசிப்பு நேரத்தில் பெண்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். பையன்களில் பலர் மதிய வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதும் பத்து நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். பருவத் தேர்வு நெருங்கினால் நோட்ஸ் திரும்பி வந்துவிடுகிறது. வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்கும்வரை அவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. தேர்வில் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்லும் கேள்வி கட்டாயமாக இருந்தால், வாசிப்பு நேரத்துக்கு யாரையும் அழைக்க வேண்டியிருக்காது. துறையின் கையில் இருக்கும் அகமதிப்பீட்டுத் தேர்வில் மட்டும் இதைத் தொடங்கியிருக்கிறோம்.

ஆவணப் பிரச்சினையும் இருக்கிறது. வாரந்தோறும் நடக்கும் வாசிப்புக்குப் பேனரும் இல்லை, விருந்தினரும் இல்லை. கோப்பில் வைக்க மாணவர் எழுதிய தாள்களே இருக்கின்றன. அவற்றைத் தேதிவாரியாகக் கட்டி வைக்கிறோம். மதிப்பீட்டுக் குழுவினர் வந்து கேட்டால், அந்தக் கட்டுகளைத்தான் எடுத்துக் கொடுக்கப் போகிறோம். ஒரு மாணவரின் முதல் தாளையும் ஆறாம் பருவத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எவருக்கும் புகைப்படம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

இப்போது நிலுவையில் இருப்பவை இரண்டு. என்-லிஸ்ட் பதிவைச் சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலேயே, மாணவர் தம் சொந்தப் போனில், தாமே உருவாக்கிய மின்னஞ்சலில் செய்து முடிக்க ஒரு வகுப்பு நேரம் கேட்டிருக்கிறோம். சனிக்கிழமை முற்பகல் நூலகத்தைத் திறந்து வைக்கவும் கேட்டிருக்கிறோம், மதியம் வேலைக்குப் போகும் பையன்களுக்கு அந்த ஒரு பொழுதுதான் இருக்கிறது. அடுத்த பருவத்தின் வாசிப்புப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டோம். ஊர்ப் பெயர் வரும் ஆங்கிலப் பகுதிகளைத் தேடித் தொகுத்துக்கொண்டிருக்கிறார்கள். குடியாத்தம் மாணவர்கள் தறியையும் நெசவாளரையும் பற்றிய பகுதிகளைத் தனியாகச் சேர்க்கிறார்கள். மாவட்ட மைய நூலகத்தில் பழைய வடாற்காடு மாவட்டக் கையேட்டைப் பார்க்க அனுமதிக் கடிதம் வேண்டும் என்று கேட்டார்கள், துறைத் தலைவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.